நாள்பட்ட நோயோடு பாட்டும் மூச்சும் ஓய்வும்: சேலம் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூட்டுவாதம், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, தீராத முதுகுவலி. வந்தால் போகாத நோய்கள் இவை. மருந்து சாப்பிட ஒரு நாளில் ஐந்து நிமிடம் போதும். மீதி நேரத்தை வலியோடும் அசதியோடும் எப்படி ஓட்டுவது என்பதற்கான பதில்கள் கீழே இருக்கின்றன. வைத்தியத்துக்கு மாற்றாக எதையும் இங்கே சொல்லவில்லை.

பாட்டுக் கேட்டால் நோய் குறையுமா? உள்ளதைச் சொல்லுங்கள்.

குறையாது. முடக்குவாதத்தில் மூட்டு வீங்குவதையோ ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதையோ எந்தப் பாட்டும் நிறுத்தாது.

பாட்டு வேலை செய்கிற இடம் வேறு. மூட்டிலிருந்து கிளம்பும் சேதி மட்டும் வலி ஆகிவிடுவதில்லை. அந்தச் சேதியை மூளை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறது என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. பயம், தூக்கமில்லாமை, தனிமை, "இன்னும் எத்தனை வருஷம் இப்படி" என்கிற நினைப்பு எல்லாமே அதை ஊதிப் பெரிதாக்கும். பிடித்த பாட்டு ஓடும்போது கவனம் கொஞ்சம் நகர்கிறது, மூச்சு நிதானமாகிறது, இறுகிக் கிடந்த தோளும் தாடையும் விடுகின்றன. பத்துக்கு ஏழு என்று சொன்ன வலியை அதே ஆள் ஐந்து என்று சொல்லலாம். ஏழில் படுத்துக் கிடப்பவர் ஐந்தில் எழுந்து குளிக்கப் போவார். கிடைக்கிற லாபம் அந்த அளவுதான்.

எந்த ராகம் எந்த நோய்க்கு என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறதே?

அதை அழித்துவிடலாம். இன்ன ராகம் சர்க்கரையைக் குறைக்கும், இன்ன ராகம் கல்லைக் கரைக்கும் என்பதற்கெல்லாம் நிரூபணம் கிடையாது. நீலாம்பரி தூக்கத்துக்கு ஏற்றது என்பது பழைய நம்பிக்கை. தாலாட்டுகள் பலவும் அந்தச் சாயலில் மெதுவாகப் போவதால் நிறையப் பேருக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் கர்நாடக சங்கீதமே கேட்டுப் பழகாத ஒருவரை "இது நல்லது, கேளு" என்று உட்கார வைத்தால் அவருக்கு எரிச்சல்தான் வரும்.

ராகத்தைவிடப் பெரிய விஷயம், பாட்டை நோயாளியே தேர்ந்தெடுப்பது. பழைய சினிமாப் பாட்டு, தெம்மாங்கு, கோயில் பாட்டு, நாதஸ்வரம், கிறிஸ்தவக் கீதம், நாகூர்ப் பக்கத்துப் பாட்டு என்று எதுவாக இருந்தாலும் சரி. சிலருக்குப் பறை கேட்டால்தான் உடம்பு எழுந்திருக்கும். காலை வேளைக்கு அதுவும் நல்லதுதான்.

சரி, பாட்டுகளை எப்படித் தொகுப்பது?

உடம்பு நன்றாக இருக்கும் நாளில் தொகுத்து வையுங்கள். வலி ஏறிய பிறகு போனைத் தடவித் தேட முடியாது. தேடுகிற எரிச்சலே வலியைக் கூட்டும். மூன்று தொகுப்பு போதும்.

முதலாவது, காலையில் எழுவதற்கு. மூட்டு இறுக்கம் உள்ளவர்களுக்கு அதிகம் உதவுவது இதுதான். 15 நிமிடம், நடைபோடத் தோன்றுகிற வேகம். படுக்கையிலேயே முதல் பாட்டுக்கு விரல்களை மடக்கி விரிப்பது, இரண்டாவதற்குக் கணுக்காலைச் சுழற்றுவது, மூன்றாவதற்கு முழங்காலை மடக்கி நீட்டுவது என்று பிரித்துக்கொண்டால் எண்ணிக்கை வைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, வலி ஏறும் நேரத்துக்கு. 25 முதல் 30 நிமிடம். இதில் வரிசை முக்கியம். படபடப்பாக இருக்கிறவருக்கு எடுத்ததுமே மெதுவான பாட்டைப் போட்டால் ஒட்டாது. அப்போதைய மனநிலைக்கு நெருக்கமான பாட்டில் தொடங்கி, ஒவ்வொன்றாக வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசி இரண்டை நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு ஓடுகிற பாட்டாக வைக்க வேண்டும். கடிகார முள்ளோடு சேர்த்துத் தட்டிப் பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். இசைச் சிகிச்சை செய்பவர்கள் கையாளும் முறை இது.

மூன்றாவது, தூக்கத்துக்கு. சொல் இல்லாதது நல்லது. புல்லாங்குழல், வீணை, வெறும் தம்புரா. பாட்டில் சொல் இருந்தால் மனம் அதன் பின்னாலேயே போகும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் சின்னச் சின்ன காரணங்களால். யூடியூபில் போட்டால் கண் செருகும் நேரத்தில் நகைக்கடை விளம்பரம் கத்தும். ஆகவே பாட்டுகளைப் போனிலேயே இறக்கி வைத்து, விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். தானாக நிற்கும் நேரத்தை 40 நிமிடத்துக்கு வையுங்கள். இறந்துபோனவரை நினைவூட்டும் பாட்டு பிடித்த பாட்டாகவே இருந்தாலும் இரவுத் தொகுப்பில் சேர்க்க வேண்டாம். ஒரே பாட்டை வலியோடு மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால், சில வாரத்தில் அந்தப் பாட்டு தொடங்கியதுமே வலி ஞாபகம் வரும். மாதத்துக்கொரு முறை மாற்றுங்கள். நல்ல நாட்களிலும் கேளுங்கள்.

வலி தாங்க முடியாமல் போகும்போது கேட்டால் பலனே இல்லையே?

நேரம் தவறுகிறது. பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பைக் குறைத்துப் பயனில்லை. வலி பத்துக்கு மூன்று நான்கில் இருக்கும்போதே தொடங்க வேண்டும். எட்டைத் தாண்டிவிட்டால் பாட்டு வெறும் சத்தம்தான். அப்போது மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மருந்து, சரியான படுக்கை நிலை, அமைதி இவைதான் தேவை.

வலி எப்போது வரும் என்று முன்பே தெரிகிற சமயங்களும் உண்டு. புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, ஊசி போடுவது, பிசியோதெரபி. இவற்றுக்குப் பத்து நிமிடம் முன்பே பாட்டைத் தொடங்கி, முடிந்த பிறகும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள்.

மூச்சுப் பயிற்சி என்றால் நான்கு எண்ணு, ஏழு எண்ணு, எட்டு எண்ணு என்கிறார்கள். எண்ணுவதிலேயே பதற்றமாகிறது.

எண்ணாதீர்கள். தாளம் தெரிந்தவர்களுக்கு எளிய வழி கண்ட சாபு. "தக தகிட", அதாவது இரண்டும் மூன்றும் சேர்ந்து ஐந்து. ஓர் அட்சரத்துக்கு இரண்டு விநாடி என்று மிக மெதுவாக வைத்துக்கொள்ளுங்கள். "தக" என்பதில் மூச்சை இழுங்கள், நான்கு விநாடி. "தகிட" என்பதில் விடுங்கள், ஆறு விநாடி. ஒரு சுற்று பத்து விநாடி. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. நிதான மூச்சுப் பயிற்சிகளில் பெரும்பாலும் சொல்லப்படும் வேகம் அதுவே. விடுவது இழுப்பதைவிட நீளமாக இருப்பதால்தான் நெஞ்சுத் துடிப்பு தணிகிறது.

தாளம் தெரியாதவர்கள் விரலை வைத்துச் செய்யலாம். சுண்டுவிரலில் தொடங்கி நான்கு விரலைக் கட்டைவிரலால் தொடும் நேரம் இழுப்பது. அதே விரல்களைத் திரும்பத் தொட்டு, உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டும் நேரம் விடுவது.

நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதம் தரையில் படும்படி உட்காருங்கள். ஒரு கை வயிற்றில் இருக்கட்டும். மூச்சு இழுக்கும்போது அந்தக் கை முன்னே வர வேண்டும். தோள் மேலே ஏறக்கூடாது. முதல் வாரம் மூன்று நிமிடம், காலை மாலை. பிறகு பத்து நிமிடம் வரை போகலாம். தலை கிறுகிறுத்தாலோ, உதட்டைச் சுற்றி மதமதப்பு வந்தாலோ மூச்சை ஆழமாக இழுத்துத் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். அளவைக் குறைத்து வேகத்தை மட்டும் மெதுவாக வையுங்கள். மூச்சை அடக்கி வைக்கவே வேண்டாம், முக்கியமாக ரத்தக்கொதிப்பும் இதய நோயும் உள்ளவர்கள்.

சுருதிப்பெட்டிச் செயலி இருந்தால் பின்னணியில் போட்டுக்கொள்ளலாம். ஆண்களுக்கு ஒரு கட்டை, பெண்களுக்கு ஐந்து கட்டை என்று தொடங்கிப் பாருங்கள் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). உங்கள் தொண்டைக்கு எது இதமோ அதுவே சரி. மூச்சு விடும்போது வாய் மூடி "ம்ம்" என்று அந்தச் சுருதியில் முனகினால் விடும் நேரம் தானாகவே நீளும்.

உடம்பு முழுக்க இறுகிக் கிடக்கிறது. தளர்த்துவதற்கு முறை ஏதும் இருக்கிறதா?

இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் சுமார் நூறு வருடத்துக்கு முன்பு வகுத்தது. ஒரு தசையை வேண்டுமென்றே இறுக்கி விட்டால், அதன்பின் அது முன்னைவிடத் தளரும். இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வித்தியாசத்தை உடம்பு கற்றுக்கொள்வதுதான் இதில் பாதிப் பயன்.

பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். கீழிருந்து மேலாகப் போக வேண்டும்: பாதம், கெண்டைக்கால், தொடை, வயிறு, கைமுஷ்டி, மேற்கை, தோள், முகம். ஒவ்வொன்றையும் முழு பலத்தில் பாதி அளவுக்கு 5 விநாடி இறுக்கி, பட்டென்று விட்டுவிட்டு, 20 விநாடி சும்மா இருங்கள். அந்த 20 விநாடியைத்தான் அவசரத்தில் எல்லாரும் விழுங்கிவிடுகிறார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு தடவை. மொத்தம் ஏழெட்டு நிமிடம் ஆகும்.

காலை இறுக்கும்போது விரல் நுனியைக் கீழே நீட்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். விரல்களை முகத்தை நோக்கி இழுங்கள். மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருக்கும் நாளில் அந்த மூட்டை ஒட்டிய தசையை இறுக்கவே கூடாது. அங்கே "கை கனமாகிறது, தரையில் படிகிறது" என்று மனதுக்குள் சொல்லித் தளர்த்தினால் போதும். அண்மையில் அறுவை சிகிச்சையோ எலும்பு முறிவோ ஆனவர்களும் அப்படியே. கண்ணில் ரத்தநாளக் கோளாறு உள்ள சர்க்கரைக்காரர்கள் முகத்தை இறுக்குவதையும் மூச்சை முக்குவதையும் விட்டுவிட வேண்டும்.

தினமும் செய்தால் இரண்டு மூன்று வாரத்தில் பிடிபடும். வலி வந்த அன்றைக்கு மட்டும் முயன்றால் பிடிபடாது.

கண்ணை மூடினாலே நெஞ்சு படபடக்கிறது.

சிலருக்கு அப்படித்தான். கண்ணைத் திறந்தே வையுங்கள். ஜன்னல் கம்பி, விளக்குச் சுடர், செடி என்று ஏதாவது ஒன்றைப் பாருங்கள். இரண்டு நிமிடத்தோடு நிறுத்துங்கள். படுத்துச் செய்வதைவிட நடந்துகொண்டே கேட்பது இவர்களுக்குப் பொருந்தும்.

அப்பாவுக்கு வீசிங், இன்ஹேலர் போடுகிறார். பாடலாமா?

தாராளமாக. பாடுவது என்பதே மூச்சை அளந்து விடுகிற பயிற்சி. நீளமான வரியை ஒரே மூச்சில் இழுக்கச் சொல்லாதீர்கள். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு. உட்கார்ந்து, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, பத்து நிமிடம். இருமல் கிளம்பினால் நிறுத்துங்கள்.

கூடவே இதையும் பழக்குங்கள்: மூக்கால் இரண்டு எண்ணும் நேரம் இழுத்து, விசில் அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் நேரம் மெதுவாக விடுவது. மாடிப்படி ஏறும்போது இதுதான் கைகொடுக்கும். திணறல் அதிகமாகி, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாத நிலை வந்தால் பாட்டும் பயிற்சியும் வேண்டாம். மருத்துவர் சொன்ன அளவில் இன்ஹேலர், அதற்கும் அடங்காவிட்டால் 108.

சர்க்கரை இருக்கிறது, கால் எரிச்சல். சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கலாமா?

காலுக்கு வேண்டவே வேண்டாம். நரம்பு மரத்துப்போன காலில் சூடு தெரியாது. வெந்து கொப்பளித்த பிறகுதான் கண்ணில் படும். வெந்நீர்ப் பை, மணல் ஒத்தடம், ஹீட்டிங் பேட் எல்லாவற்றுக்கும் இதே பதில். கால் கழுவும் தண்ணீரைக்கூட முழங்கையாலோ வீட்டில் இன்னொருவர் கையாலோ பார்த்துவிட்டு ஊற்றுங்கள். இரவில் ஐந்து நிமிடம் பாட்டுப் போட்டுக்கொண்டு பாதத்தை நன்றாக வெளிச்சத்தில் பாருங்கள், அடிப்பாதத்துக்குக் கண்ணாடி வைத்து. விரல் இடுக்கில் எண்ணெய் தேங்க விடாதீர்கள்.

உணர்ச்சி நன்றாக இருக்கிற முதுகு, தோள், கழுத்துக்கு 15 முதல் 20 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம், இடையில் துணி வைத்து. மூட்டு சூடாகச் சிவந்திருந்தால் வெந்நீரைத் தவிர்த்துக் குளிர்ந்த துணி.

இன்னொன்று. இன்சுலின் அல்லது சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை எடுப்பவருக்கு, ஓய்வுப் பயிற்சியின் நடுவே வியர்த்து, கை நடுங்கி, மயக்கமாக வந்தால் அதை "நன்றாகத் தளர்ந்துவிட்டேன்" என்று நினைத்துப் படுத்துவிடக்கூடாது. சோதித்துப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். கருவி இல்லாவிட்டால் சோதிக்காமலே குடித்துவிடலாம். நினைவு தடுமாறுகிறவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

டயாலிசிஸ் நான்கு மணி நேரம். எப்படிக் கழிப்பது?

நான்கு மணி நேரமும் பாட்டு ஓடினால் காது சலித்துவிடும். முதல் மணி பேச்சு: வானொலி, கதை, பட்டிமன்றம். நடுவில் இரண்டு மணி பாட்டும் தூக்கமும். கடைசி மணியில்தான் தசை பிடிப்பும் அலுப்பும் அதிகம். வலிக்கென்று தொகுத்த பாட்டை அதற்கு ஒதுக்குங்கள். ஒரு காதில் மட்டும் இயர்போன். மெஷினின் எச்சரிக்கை ஒலியும் செவிலியர் கூப்பிடுவதும் கேட்க வேண்டும். பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அறுவை செய்து இணைத்த ரத்தக்குழாய்) உள்ள கையை அசைக்காமல் மற்றக் கையாலேயே போனை இயக்கும்படி வயரை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் தினமும் காலையில் பிஸ்டுலா மேல் விரல் வைத்து அந்தச் "சுர்ர்" அதிர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றே மருத்துவமனை. அப்புறம், சேலத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது கஷ்டம்தான்: மாம்பழம், இளநீர், ஏற்காட்டு ஆரஞ்சு மூன்றிலும் பொட்டாசியம் இருக்கிறது. உணவு ஆலோசகரிடம் அளவு கேட்காமல் தொட வேண்டாம்.

ஒற்றைத் தலைவலிக்கு எந்தப் பாட்டு?

எதுவும் வேண்டாம். தலைவலி வந்திருக்கும்போது சத்தமே எதிரி. இருட்டறை, நெற்றியில் ஈரத்துணி, அமைதி. பாட்டும் தளர்த்தலும் தலைவலி இல்லாத நாட்களில் தினமும் செய்ய வேண்டியவை.

தறி ஓட்டுகிறேன். ஓய்வெடு என்கிறார்கள், ஓய்வெடுத்தால் கூலி யார் கொடுப்பார்கள்?

அம்மாபேட்டை, குகைப் பக்கம் தறிக்குழியில் உட்காருகிறவர்களும், செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் குனிந்தே இருக்கிறவர்களும் கேட்பது இது. நியாயமான கேள்வி. ஓய்வு என்றால் படுத்துக் கிடப்பது என்று நினைத்துக்கொள்வதால் வருகிற சிக்கல். இங்கே வேலையைக் குறைக்கப் போவதில்லை, துண்டு போடப் போகிறோம்.

வலி கொஞ்சம் குறைவான நாளில் நாள் முழுக்க இழுத்துப் போட்டு வேலை செய்வது, அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் கிடப்பது, பிறகு விட்டதைப் பிடிக்க மறுபடி இழுத்துப் போடுவது. நாள்பட்ட வலியில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் சுழல் இதுதான். இதில் வாரக் கணக்கில் பார்த்தால் நெய்த முழம் குறைவாகத்தான் இருக்கும்.

மூன்று சாதாரண நாட்கள் கவனியுங்கள். உட்கார்ந்து எத்தனை நிமிடத்தில் வலி இரண்டு புள்ளி ஏறுகிறது? 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் துண்டு 30 நிமிடம். முப்பதாவது நிமிடத்தில், வலி இல்லாவிட்டாலும், எழுந்துவிட வேண்டும். ஐந்து நிமிடம்: இடுப்பில் கை வைத்து மெதுவாகப் பின்னால் சாய்வது ஐந்து தடவை, தோளைச் சுழற்றுவது, தண்ணீர், பத்து மூச்சு. பிறகு அடுத்த துண்டு. இரண்டு வாரம் தடுமாறாமல் போனால் ஐந்து நிமிடம் கூட்டலாம். நல்ல நாளிலும் கூடுதல் துண்டு போடாமல் இருப்பதுதான் கடினமான பகுதி. முறை தோற்பது எப்போதும் அங்கேதான்.

30 நிமிடத்தை அளக்கக் கடிகாரம் வேண்டாம். ஆறேழு பாட்டு கொண்ட ஒரு தொகுப்பு முடியும்போது எழுந்துவிடுங்கள். விசைத்தறிக் கூடத்தில் மட்டும் இது ஆகாது. அந்தச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமென்றால் ஒலியை ஏற்ற வேண்டியிருக்கும், காது கெட்டுப்போகும். அங்கே காதில் வைக்க வேண்டியது காதடைப்பான். நேரத்துக்குப் போனின் அதிர்வு அலாரம்.

ஏற்காடு போய் நான்கு நாள் இருந்தால் உடம்பு தேறும் என்கிறார்களே?

மனசுக்கு நல்லது, அதில் சந்தேகமில்லை. காப்பிப் பூ பூத்திருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அந்த வாசனைக்காகவே போகலாம். ஆனால் யார் எப்படிப் போவது என்று கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் நகரத்தைவிட ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. முடக்குவாதம் உள்ளவர்களில் பலருக்குக் குளிரும் ஈரமும் காலை இறுக்கத்தைக் கூட்டும். கையுறை, காலுறை, பிளாஸ்க்கில் வெந்நீர் இல்லாமல் போக வேண்டாம்; காலை ஊர் சுற்றலை ஒன்பது மணிக்கு மேல் வையுங்கள். காற்றழுத்தம் சேலத்தைவிடச் சுமார் ஏழில் ஒரு பங்கு குறைவு. நல்ல நுரையீரலுக்கு அது தெரியாது. சமதரையில் நடந்தாலே மூச்சு வாங்குகிறவர்கள், வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள், இதயம் பலவீனமானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மலையேறக் கூடாது.

சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோடு நிறுத்தி, முன் இருக்கையில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டு போங்கள். போனைப் பார்த்தால் கட்டாயம் குமட்டும். பாட்டு என்றால் காதுக்கு மட்டும். காது அடைத்தால் எச்சிலை விழுங்குங்கள். முதுகுவலிக்காரர்கள் பாதி வழியில் ஒருமுறை இறங்கி நிற்க வேண்டும்.

மேலே போனதும் எல்லா இடத்தையும் ஒரே நாளில் பார்க்கிற ஆசைதான் அடுத்த வாரத்தைக் கெடுக்கும். ஒரு நாளைக்கு ஓர் இடம். ஏரிக்கரையும் அண்ணா பூங்காவும் மெதுவாக நடக்க ஏற்றவை. சேர்வராயன் கோயில் குகைக்குள் தாழ்வாக இருக்கிறது, குனிந்து போக வேண்டும்; முதுகும் முழங்காலும் மோசமாக இருந்தால் வெளியே நின்றே கும்பிடலாம். கிளியூர் அருவிக்கு இறங்கி ஏறுவது முழங்கால்காரர்களுக்குச் சரிப்படாது. கோடை விழா சமயத்திலும் சனி ஞாயிறுகளிலும் கூட்டமும் வண்டிச் சத்தமும் இருப்பதால், ஓய்வுக்குப் போகிறவர்கள் வார நாளில் போங்கள். மாத்திரையை இரண்டு நாளைக்குக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைக்குப் போக முடியாதவர்கள் குறைப்பட வேண்டாம். மரத்தடியில் 20 நிமிடம், காதில் எதுவும் இல்லாமல், பறவைச் சத்தத்தை மட்டும் கேட்டு உட்காருவதும் நல்ல ஓய்வுதான்.

சித்திரை வெயிலில் இன்சுலினை எங்கே வைப்பது? தூக்கமும் வரமாட்டேன் என்கிறது.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில், குளிர்பெட்டிக் கதவுத் தட்டில் இருக்க வேண்டும். உறைபெட்டியில் வைத்து உறைந்துபோனால் தூக்கிப் போடுங்கள். பயன்பாட்டில் உள்ள குப்பி 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் தாங்கும். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து வீடு அதைத் தாண்டிவிடும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அகலமான மண்பானையில் மணல் நிரப்பி நனைத்து, நடுவில் சின்னப் பானை வைத்து, அதற்குள் இறுக மூடிய டப்பாவில் குப்பியை வையுங்கள். மேலே ஈரத்துணி. காற்றோட்டமுள்ள நிழல். காலை மாலை மணலை நனைக்க வேண்டும். வறண்ட வெயிலில் இது நன்றாக வேலை செய்யும். மழைக்காலப் புழுக்கத்தில் அவ்வளவாகக் குளிராது.

தூக்கத்துக்கு: எழும் நேரத்தை மாற்றாதீர்கள், முந்தின இரவு எப்படிப் போயிருந்தாலும். படுத்து 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேளுங்கள். கண் சொருகியதும் படுக்கைக்கு வாருங்கள். படுக்கும் முன் பாதத்தை ஈரத்துணியால் துடைப்பது உதவும். ஆடிப் பண்டிகையில் மைக் செட் ராத்திரி வரை ஓடும்போது அதை உங்கள் பாட்டால் அடக்கப் பார்க்காதீர்கள். நுரைக் காதடைப்பான், அதோடு மின்விசிறியின் சீரான இரைச்சல் போதும்.

பாட்டும் மூச்சும் தொடங்கியதும் பிரஷர் குறைந்திருக்கிறது. மாத்திரையைப் பாதியாக்கலாமா?

நீங்களாகச் செய்யக்கூடாது. நிதான மூச்சு ரத்தஅழுத்தத்தைச் சில புள்ளிகள் குறைக்கலாம். அந்தக் குறைவு மாத்திரையோடு சேர்ந்து வந்தது. இரண்டு வாரம் காலை மாலை அளந்து எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள், மருத்துவர் முடிவு செய்வார்.

ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடுவது. தினமும் என்று நினைத்துச் சாப்பிட்டு ரத்த அணுக்கள் இறங்கிப்போனவர்கள் உண்டு. அந்தக் கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் வலி மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், ரத்தக்கொதிப்பையும் ஏற்றும். அலைய முடியாமல் மாத்திரை விட்டுப்போகிறது என்றால், 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

எங்க மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன். என் உடம்பும் மனசும் விட்டுப்போகிறது.

பார்த்துக்கொள்கிறவருக்கும் தினமும் 30 நிமிட ஓய்வு தேவை. வீட்டில் எல்லாருக்கும் தெரியும்படி நேரம் குறித்துவிடுங்கள், அந்த நேரத்தில் இன்னொருவர் பொறுப்பு. மாமியாரின் பாட்டையே நீங்களும் நாள் முழுக்கக் கேட்க வேண்டும் என்றில்லை. அவருக்கு இயர்போன் கொடுத்துவிடுங்கள். தூக்கி நிறுத்தும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள்.

நோயாளிக்கோ உங்களுக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், பிடித்த பாட்டுகூடக் காதில் ஏறாமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும், 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம். வாழ வேண்டாம் என்கிற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் அன்றே பேசுங்கள், தனியே இருக்க வேண்டாம்.

ஹெட்போன் எது நல்லது? எவ்வளவு சத்தம்?

காதுக்குள் திணிப்பதைவிடக் காதின் மேல் உட்காருவது நல்லது. படுத்துக் கேட்க என்றால் தலையணை பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபல், வாரம் 40 மணி நேரம். நடைமுறையில், போன் ஒலி அறுபது சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஒரு கை தூரத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசுவது உங்களுக்குக் கேட்க வேண்டும்.

இந்த வயதில் வாத்தியம் கற்றுக்கொள்ளலாமா?

கை அனுமதித்தால் கற்றுக்கொள்ளலாம். விரல் மூட்டு வீங்கியவர்களுக்கு வீணை ஆகாது, கம்பியை அழுத்த வேண்டும். மிருதங்கம் மணிக்கட்டைக் கேட்கும். ஆர்மோனியம் கட்டை மெத்தென்று இருந்தால் பரவாயில்லை, ஆனால் துருத்தியைத் தள்ளும் கை அலுக்கும். மின்சாரக் கீபோர்டு அந்தச் சிரமம் இல்லாதது. முதல் மாதம் ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வாசித்து முடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் விரல் வலித்தால் அடுத்த நாள் நேரத்தைப் பாதியாக்குங்கள். எதுவும் சரிப்படவில்லை என்றால் வாய்ப்பாட்டுக்குச் செலவும் இல்லை, பிடிக்க விரலும் வேண்டாம். கும்மிப் பாட்டு தெரிந்த பெரியவர்கள் தெருவில் இருந்தால் அவர்களிடமே தொடங்கலாம்.